தெரிந்தே செய்த சேதம்

வெர்னா கிஸ்லருக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுவது வேலை. ஆனால் ஜனங்கள் அவளைத் தேடி வருவது அதற்காக அல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமை வயலாகவே தெரியும் எங்கள் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், அரசாங்கம் ஒப்படைக்கும் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கிற குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. தாய் தகப்பன் தேறி வரும்வரை, அல்லது நீதிபதி வேறு வழி சொல்லும்வரை, அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் வீடு. அந்த வீடுகளில் எதில் எது உடைந்தாலும் முதலில் மணி அடிப்பது வெர்னாவின் சமையலறைத் தொலைபேசியில்தான்.

பிள்ளைகள் உடைக்கத்தான் செய்யும். ஏற்கெனவே ஒரு வீடு உடைந்து வந்த பிள்ளை அடுத்த வீட்டின் கதவை மட்டும் விட்டுவைக்குமா? அதற்கு இழப்பீடு கொடுக்க அரசாங்கத்திடம் தனியாகப் பணம் இருக்கிறது. அந்தப் பணத்தை எப்படிக் கறப்பது என்பது வெர்னாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவள் அதைக் கற்ற விதம் கொஞ்சம் கசப்பானது. முதன்முதலில் அவள் வீட்டுக்கு வந்த பையன் சோபாவுக்குத் தீ வைத்தான். சோபாவோடு சுவரும் போயிற்று. வெர்னாவும் அவள் கணவன் மெர்லும் வாயை மூடிக்கொண்டு செலவழித்தார்கள். மெர்ல் ஆசை ஆசையாக வைத்திருந்த, பனியில் ஓட்டுகிற மோட்டார் வண்டியை விற்றான். அடுத்த வருஷம் ஏதோ ஒரு கூட்டத்தில், இதற்கெல்லாம் இழப்பீடு உண்டு என்று யாரோ போகிற போக்கில் சொன்னார்கள். வெர்னா அந்த அதிகாரியைப் பிடித்து ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே அம்மா என்றாராம். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்றால், அன்றிலிருந்து வெர்னா கவுண்டிக்கே சேர்த்து அழ ஆரம்பித்தாள்.

நஷ்டத்தை மென்று விழுங்கிக்கொண்டு பெருந்தன்மையாகச் சிரிக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. முதல் சோபாவுக்குச் சிரிப்பார்கள், இரண்டாவது ஜன்னலுக்கும் சிரிப்பார்கள், மூன்றாவதற்கு அலுவலகத்துக்குப் போன் செய்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பார்கள். இதை அவள் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டாள். "சோபாவை முழுங்கறவன் கடைசியில பிள்ளையைத் துப்புவான்" என்பது அவள் சொல்லிச் சொல்லி எங்கள் பக்கத்தில் பழமொழியாகவே ஆகிவிட்டது. சேதத்துக்குக் காசை வாங்கு, பிள்ளையை வைத்துக்கொள். இதுதான் அவள் வேதம்.

பேருந்து இஞ்சினோடு போட்டி போட்டுப் பேசிய தொண்டை அவளுடையது. போனில் அவள் யோசனை சொன்னால் தபால்காரர் வரைக்கும் கேட்கும். பழத்தோட்டத்துப் பக்கமிருந்து யொலாண்டா என்ற வளர்ப்புத் தாய் அடிக்கடி கூப்பிடுவாள். அவளுக்கும் வெர்னா மந்திரம் ஓதுகிற மாதிரி இதையேதான் சொல்வாள்:

"'உடைஞ்சு போச்சு'ன்னு எழுதாதடி. தானா உடைஞ்சதுக்குக் காசு கிடையாது. 'பிள்ளை தெரிந்தே, கோபத்தில், பராமரிப்பாளர் எச்சரித்தும் கேளாமல் செய்தது.' இப்படி எழுது. இந்த வார்த்தை இல்லேன்னா அங்க இருக்கறவங்க கண்ணு தாளைத் தாண்டிப் போயிடும்."

அதில் ஒரு முள்ளும் இருந்தது. தெரிந்தே செய்த பெரிய சேதம் ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையின் பேரில் ஏறும். மூன்று ஏறிவிட்டால், குடும்பங்களால் சமாளிக்க முடியாத பிள்ளை என்று முடிவு கட்டி நகரத்திலுள்ள விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போன பிள்ளை மறுபடி ஒரு வீட்டுக்கு வருவது குதிரைக் கொம்பு. வெர்னாவுக்கு இது தெரியாதா? இரண்டு பிள்ளைகள் விஷயத்தில் அவள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, காசையும் வாங்கி, பிள்ளையையும் திருப்பிக் கூட்டி வந்திருக்கிறாள். இரண்டு முறை ஜெயித்தவளுக்கு மூன்றாவது முறை தோற்போம் என்ற எண்ணமே வராது.

ஜேலின் அவள் வீட்டுக்கு வந்தது வசந்த காலத்தில். பதின்மூன்று வயது. துணிமணி எல்லாம் ஒரு கறுப்புக் குப்பைப் பையில். அவள் பேரில் ஏற்கெனவே இரண்டு ஏறியிருந்தது, ஒரு வீட்டில் கார்க் கண்ணாடி, இன்னொரு வீட்டில் டிவி. வெர்னா அதைப் படித்துவிட்டு, "கண்ணாடிதானே" என்று மூடி வைத்தாள்.

பெண் அதிகம் பேசமாட்டாள். கோஸும் கறியும் பொதிந்த பன் செய்து கொடுத்தால் உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு ரொட்டியை நாய்க்குப் போடுவாள். தன் துணியை வேறு யாரும் தொடக் கூடாது, தானேதான் துவைப்பாள். சாயங்காலம் மெர்லோடு சீட்டாடுவாள், இரண்டு பேரும் கூசாமல் ஏமாற்றுவார்கள். வெர்னாவை அவள் அம்மா என்றும் கூப்பிடவில்லை, பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. "டிரைவரம்மா" என்றாள். வெர்னாவுக்கு அது பிடித்துப் போயிற்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அறுவடை முடிந்து தேவாலயத்தில் தொத்திறைச்சி விருந்து நடந்த சனிக்கிழமை, ஜேலின் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். வெர்னாவும் மெர்லும் தின்று முடித்து, ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டுத் திரும்பியபோது வாசலுக்கே ஈர வாடை வந்தது. வீட்டின் கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். இரண்டு குளிர்காலம் முழுக்க மெர்ல் தன் கையால் போட்ட தரைவிரிப்பு, சுவர்ப் பலகைகள், பாதி மாட்டின் கறியை அடுக்கி வைத்த பெரிய ஃப்ரீசர், எல்லாம் அதில் நின்றன. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் ரப்பர் குழாய் கழன்று தொங்கியது. ஜேலினின் போர்வை ஒரு மூலையில் ஊறிக் கிடந்தது. தண்ணீர் நின்றிருந்தது, யாரோ வால்வை மூடியிருந்தார்கள். முழங்கால்வரை நனைந்த பெண் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

வெர்னா வாயைத் திறக்கும் முன்னாலேயே அவள் சொன்னாள். "நான்தான் பண்ணேன். குழாயை உருவி விட்டேன்."

ஏன் என்று கேட்டதற்குக் கோபம் என்றாள். என்ன கோபம் என்றதற்கு, நேற்று நீங்கள் என் போனைப் பிடுங்கி வைத்தீர்களே என்றாள். வைத்தது உண்மைதான். அதைவிடச் சின்னக் காரணத்துக்கு அதைவிடப் பெரிய காரியங்களைச் செய்த பிள்ளைகளை வெர்னா பார்த்திருக்கிறாள். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. கோபம்கூட வரவில்லை, மனசுதான் வலித்தது. இந்தப் பெண் நம்மிடம் ஒட்டிக்கொண்டுவிட்டாள் என்று அவள் உள்ளுக்குள் ஒரு கோட்டையே கட்டியிருந்தாள்.

பழுது பார்க்கிற ஆள் வந்து பார்த்து ஆறாயிரத்து ஐந்நூறு டாலர் ஆகும் என்றான். வீட்டுக் காப்பீட்டுக்காரர் குழாய் தேய்ந்து போயிருந்தாலும் கையை விரிப்பார், வீட்டில் இருப்பவர் வேண்டுமென்று செய்தாலும் கையை விரிப்பார். மிச்சம் அரசாங்கம்தான். அன்றைக்கு மெர்ல், வழக்கமாகப் பேசாத மனிதன், பேசினான். எழுதாதே என்றான். மீன் பிடிக்க வைத்திருக்கும் படகை விற்றுவிடலாம், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ளலாம், இதை எழுதினால் பெண்ணுக்கு மூன்றாவது ஏறும் என்றான்.

"நான் ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்லிட்டு, என் வீட்டுல மட்டும் முழுங்கணுமா?" என்றாள் வெர்னா. "காசையும் வாங்கறேன், பிள்ளையையும் வாங்கறேன். பாத்துக்கிட்டே இரு."

"ஆனைக்கும் அடி சறுக்கும் வெர்னா."

"சறுக்கினா அப்ப பாத்துக்கலாம். இப்ப அந்தப் பேனாவைக் குடு."

எழுதி அனுப்பினாள். அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ப்ரூக் என்ற பெண் வந்தாள். சின்ன வயசு, நியாயமான பெண், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, இழப்பீட்டில் எந்தச் சிக்கலும் இல்லை, வந்துவிடும் என்றாள். ஆனால் இது மூன்றாவது, விடுதியில் வியாழக்கிழமையிலிருந்து ஒரு இடம் இருக்கிறது என்றாள்.

வெர்னா தன் சரக்கையெல்லாம் எடுத்து வைத்தாள். பள்ளியில் இந்தப் பெண்ணின் கணக்குப் பாடம் தேறியிருக்கிறது, ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை, வந்ததிலிருந்து ஒரு தட்டைக்கூட உடைத்ததில்லை. ப்ரூக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு வழி இருக்கிறது என்றாள். விளையாட்டாகவோ கைதவறியோ நடந்தது என்று பெண் சொன்னால் அது கணக்கில் ஏறாது. இழப்பீடும் வராது. அதனால் அவள் வாயால் கேட்டாக வேண்டும்.

வெர்னாவுக்கு அந்த வழி தேவைப்படவில்லை. பெண் வந்து கொஞ்சம் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், அது போதும், மிச்சத்தை நாம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காலையிலேயே அவளிடம், "வருத்தமா இருக்குன்னு சொல்லு, அது போதும்" என்று சொல்லியும் வைத்திருந்தாள். மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள்.

ஜேலின் இறங்கி வந்தாள். தலையை வாரியிருந்தாள், நல்ல சட்டை போட்டிருந்தாள். மேஜைக்கு எதிரே நிமிர்ந்து நின்று, பள்ளியில் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள்.

"நான் தெரிந்தே, கோபத்தில், பராமரிப்பாளர் எச்சரித்தும் கேளாமல் செய்தேன்."

ப்ரூக் தலை குனிந்து எழுத ஆரம்பித்தாள். வெர்னாவுக்குக் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அது அவளுடைய வார்த்தை. ஒரு எழுத்து பிசகாமல் அவள் யொலாண்டாவுக்கு ஓதிய மந்திரம். தன்னை டிரைவரம்மா என்று கூப்பிடுகிற பெண்ணின் வாயில் பராமரிப்பாளர் எங்கிருந்து வந்தார்? நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் தவளைக்கு மட்டுமா சொன்னார்கள்?

"ப்ரூக், காப்பி இன்னும் இருக்கு. ஊத்திக்கிட்டுக் கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிவிட்டு, ஜேலினின் தோளைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனாள். ப்ரொபேன் எரிவாயுத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"யாருடி உனக்கு அதைச் சொல்லிக்குடுத்தது?"

"யாருமில்ல. தினமும் போன்ல கத்தறீங்களே. நாய்கூடச் சொல்லும்."

"குழாய் எப்படிக் கழண்டுது?"

பெண் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெர்னா விடவில்லை. பேருந்தில் ஐம்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள் அவள். அந்தப் பார்வை பார்த்தாள்.

"தானா வெடிச்சுது" என்றாள் ஜேலின். "என் துணி போட்டிருந்தேன். டமால்னு சத்தம். ஓடிப் போறதுக்குள்ள தண்ணி பீச்சி அடிக்குது. எதை மூடணும்னு தெரியல. போர்வையை வெச்சு அமுக்கிப் பாத்தேன். வால்வு எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள எல்லாம் போச்சு."

அந்தப் போர்வையை வெர்னா பார்த்திருந்தாள். அதுவும் அட்டூழியத்தில் சேர்த்தி என்று நினைத்திருந்தாள்.

"அப்ப குழாயைக் கழட்டினது?"

"அப்புறமா நான் கழட்டினேன். நான் உருவின மாதிரி இருக்கட்டும்னு."

"ஏன்டி?"

"தானா உடைஞ்சா காசு கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க." அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். "நான் எப்படியும் போகப்போறவதான். எந்த வீட்டுலயும் கொஞ்ச நாள்தான். சும்மா போறதுக்கு, உங்களுக்குக் காசாவது வரட்டும்னு நெனச்சேன்."

வெர்னாவுக்குத் தன்னைத் தானே கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஒரு குழந்தை தன் மூன்றாவது சேதத்தைக் கையில் பிடித்து, இந்தா வைத்துக்கொள் என்று நீட்டியிருக்கிறது. அவளோ அதற்கு முத்திரை குத்தி அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். இத்தனை வருஷம் பிள்ளைகளை வளர்த்தவள், ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கவில்லை.

ஆனால் வெர்னா உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. கொட்டகையைப் பார்த்து, "மெர்ல், அந்தப் பழைய குழாயை எடுத்துக்கிட்டு வா" என்று கத்தினாள்.

மெர்ல் குழாயோடு வந்தான். நீளவாக்கில் வெடித்திருந்தது. வெடித்த இடத்தின் இரண்டு பக்கமும் கறுப்பு டேப் பிய்ந்து தொங்கியது. இரண்டு வருஷமாகப் புதுக் குழாய் வாங்கிப் போடு என்று வெர்னா சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் டேப் சுற்றியிருந்தான். பெண் தானே செய்தேன் என்று சொன்னதும் அவன் அந்தக் குழாயைக் கொட்டகையில் வீசினான், திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான். காது வரைக்கும் சிவந்து போனான்.

"டேப் சுத்தியிருக்க" என்றாள் வெர்னா.

"நல்ல டேப்பு" என்றான் மெர்ல், வேறொன்றும் தோன்றாமல்.

வெர்னா குழாயைக் கொண்டுபோய்ச் சமையலறை மேஜையில் ப்ரூக்கின் முன்னால் போட்டாள். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்த இழப்பீட்டுத் தாளைத் திருப்பிக் கொடு என்றாள். ப்ரூக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெண்ணைத் தக்க வைக்க வெர்னா ஒரு கதை கட்டுகிறாளோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியிருக்கலாம், அது முகத்தில் தெரிந்தது. ஆனால் தூசி ஏறிப் பிசுபிசுத்துப் போன அந்தப் பழைய டேப்பை ஒரு வாரத்தில் யாராலும் உண்டாக்க முடியாது.

"இதுக்கு ஒரு டாலர்கூட வராது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

"சட்டத்தை எனக்கே சொல்றியா? குடு."

ப்ரூக் தாளை நீட்டினாள். பெண்ணின் பேரில் எதுவும் ஏறாது, வியாழக்கிழமை இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். ஆனால் காரணம் என்று ஒன்று எழுதியாக வேண்டும், பராமரிப்பாளரின் கவனக்குறைவு என்றுதான் எழுத முடியும், அது உங்கள் இரண்டு பேர் பேரிலும் ஏறும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

வாசற்படியில் நின்றிருந்த மெர்ல் தொப்பியைக் கழற்றினான். "என் பேருக்கு மட்டும் எழுதும்மா. தெரிந்தே, சோம்பேறித்தனத்தில், பெண்டாட்டி எச்சரித்தும் கேளாமல் செய்தது."

ப்ரூக் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஜேலின் சிரிக்கவில்லை. எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள், நடப்பது தனக்குச் சாதகமா பாதகமா என்று இன்னும் பிடிபடாதவள் போல.

ப்ரூக்கின் கார் கிளம்பிப் போனதும் வெர்னா ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். பணம் வராது என்றால் ஆளும் வரமாட்டான். ஊறிப் போன தரைவிரிப்பைத் தாங்களேதான் பிடுங்க வேண்டும். ஜேலின் கூப்பிடாமலே பின்னால் வந்தாள். கத்தியால் நீளநீளமாக வெர்னா அறுக்க, பெண் சுருட்டினாள். ஈர நாற்றம் மூக்கைத் துளைத்தது. பிறகு பெண்தான் பேச்சை ஆரம்பித்தாள், குரலில் நிஜமான கோபத்தோடு.

"லூசா நீங்க? சும்மா இருந்திருந்தா வந்திருக்கும். ஆறாயிரத்து ஐந்நூறு."

"ஆமா."

"ஊருக்கெல்லாம் வாங்கித் தர்றீங்க. உங்களுக்கு வாங்கத் தெரியல."

வெர்னா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ போனா எனக்கு ஆறாயிரத்து ஐந்நூறு வரும்னு நீயா உக்காந்து கணக்குப் போட்டிருக்க" என்றாள். "அந்த வெலை எனக்குக் கட்டுப்படியாகாதுடி. எந்த வெலையும் கட்டுப்படியாகாது."

ஜேலின் சுருட்டிய கம்பளத்தின் மேல் குனிந்தபடியே இருந்தாள். தோள் குலுங்கியது. வெர்னா பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை, தொட்டால் விலகுவாளோ என்ற பயம். பெண் நிமிர்ந்து, முகத்தைத் துடைக்காமலே கேட்டாள்.

"நான் நிஜமாவே ஏதாவது உடைச்சா?"

"எழுதி அனுப்புவேன். ஒரு காசு விடாம வாங்குவேன்."

"அப்புறம் நான் போகணும்."

"அது அவங்க பேச்சு. அதை அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீ இங்கேயே இருந்து உடை."

பெண் அதை யோசித்தாள். உடனே நம்பிவிட அவள் தயாராக இல்லை, வெர்னாவும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஜேலின் மேலே கொண்டுபோகச் சுருளின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள், மறு முனைக்கு வெர்னாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"நீங்க பின்னால வாங்க" என்றாள். "படியில நான் முன்னால போறேன். எங்க வழுக்கும்னு எனக்குத் தெரியும்."